தொழப் போன ஜின்

நாலு பேர் கூடி விளையாடுகிற விளையாட்டில் ஒருவருக்கு மட்டும் எல்லாம் ஏலும் என்று வைத்துவிட்டால் என்ன நடக்கும் தெரியுமா? மற்றவர்களுக்குக் கொட்டாவி வரும். கொஞ்ச நேரம் போனால் அந்த ஒருவருக்கும் கொட்டாவி வரும். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. நான் படித்த புத்தகங்களும் அவ்வளவு அதிகமில்லை. எங்கள் வீட்டு நடு அறையில், ஒரு மாரி காலத்தில், பன்பாயில் சம்மணம் கட்டி உட்கார்ந்திருந்து தெரிந்துகொண்டது இது.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு ஒன்பது வயது இருக்கும். எங்கள் மாமா, அதாவது உம்மாவின் கடைசித் தம்பி, சவூதியிலிருந்து லீவில் வந்திருந்தார். சவூதியிலிருந்து ஒருவர் வந்து இறங்கினால் அந்த நாளில் கல்முனைப் பக்கம் அந்த வீட்டுக்குத் தனியாக ஒரு பெருநாள் வந்த மாதிரி. ஆட்கள் வந்தபடியே இருப்பார்கள். வந்தவர்கள் சும்மாவும் போக மாட்டார்கள். எங்கள் வளவுக்குள்ளேயே பக்கத்து வீட்டில் இருந்த பெரியம்மாவுக்கு, அதுதான் உம்மாவின் ராத்தாவுக்கு, தையல் மெஷின் வேண்டும். எங்கள் உம்மாவுக்கு ஒழுகுகிற குசினிக்கு ஓடு போட வேண்டும். முன்வீட்டுக்காரர் தன் மகனுக்கு ஒரு விசா எடுத்துத் தரச் சொன்னார். பள்ளிவாசலிலிருந்து வந்தவர்கள் மின்விசிறி கேட்டார்கள். மாமா எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"ஓம், பாப்பம். ஓம், செய்வம்."

அவருக்கு ஏலாதது என்று உலகத்தில் ஒன்றும் இல்லை என்று நாங்கள் நம்பினோம். அவர் வீட்டில் இருந்த இருப்பும் அப்படித்தான் இருந்தது. கதிரையில் அதிகம் உட்கார மாட்டார். பன்பாயை விரித்து, தலையணையை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஒருக்களித்துச் சாய்ந்திருப்பார். எழும்ப வேண்டுமென்றால் ஒரு கையைச் சுவரில் ஊன்றி, மெதுவாக, அவசரமே இல்லாமல் எழும்புவார். ராஜாக்கள் இப்படித்தான் எழும்புவார்கள் என்று நான் நினைத்தேன். தனியாக இருக்கும்போது அப்படி எழும்பிப் பழகியும் பார்த்தேன்.

பள்ளிக்கூட லீவு. ஆனால் மழை விடவே இல்லை. வளவில் கோழிக்கூடு வரைக்கும் தண்ணீர் நின்றது. கடலில் யாரும் தோணி இறக்கவில்லை. வாப்பா நெல் வெள்ளாமையைப் பார்க்க வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, போனவர், வயலில் கட்டியிருந்த வாடியிலேயே அகப்பட்டுக்கொண்டார். வீட்டுக்குள் அடைபட்டவர்கள் நான், ஆறு வயதுத் தங்கச்சி, நாங்கள் காக்கா என்று அழைக்கிற, அண்ணன் முறையான பெரியம்மாவின் மகன். காக்காவுக்குப் பதின்மூன்று வயது. ஓட்டத்திலும் சரி, மரம் ஏறுவதிலும் சரி, கிளித்தட்டிலும் சரி, அவரை நாங்கள் வென்றதே கிடையாது.

ஒரு நாள் மாமா தன் சூட்கேஸுக்குள் கையை விட்டு ஒரு சின்னச் சாமானை எடுத்துப் பாயில் உருட்டினார். பலாக்கொட்டை அளவு. மஞ்சள் நிறம். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு முகம், முகத்துக்கு ஒரு இலக்கம்.

மாமா வேலை செய்த காம்பில் வெள்ளைக்கார எஞ்சினியர்கள் இருந்தார்களாம். அவர்களின் அறையைக் கூட்டுவதும் மாமாவின் வேலைகளில் ஒன்று. பின்னேரமானால் அவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு விளையாட்டு விளையாடுவார்களாம். ஒருவர் மட்டும் மட்டையொன்றை நிமிர்த்தி மறைப்புக் கட்டிக்கொண்டு கதை சொல்வாராம். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம். ஒருவர் வாள்காரர், ஒருவர் மந்திரவாதி. 'நான் இந்தக் கதவை உடைக்கிறேன்' என்று ஒருவர் சொன்னால், இந்தக் கல்லை உருட்டுவார்களாம். கல்லில் விழுகிற இலக்கம்தான் கதவு உடைந்ததா இல்லையா என்று சொல்லுமாம். மிச்சமாகக் கிடந்த ஒரு கல்லை மாமாவுக்குக் கொடுத்திருந்தார்கள்.

"இதுல யாரு மாமா வெல்லுற?" என்று காக்கா கேட்டார்.

"ஒருத்தரும் வெல்லுறல்ல."

"அப்ப யாரு தோக்கிற?"

"தோக்கிறதும் இல்ல. கதை போய்க்கிட்டே இரிக்கும்."

"வெல்லாம தோக்காம என்னத்துக்கு விளையாடுற?"

"நீ மூணு நேரமும் சோறு திங்கிறாய். அதுல யாருடா வெல்லுற?"

காக்கா கல்லை எடுக்கக் கையை நீட்டினார். ஆனால் அந்த நேரம் பார்த்து உம்மா அகப்பையோடு வந்துவிட்டார். பாயில் கிடந்த கல்லைக் கண்டார்.

"தம்பி, இது தாயக்கட்டைதானே?"

"பந்தயம் ஒண்டும் இல்ல ராத்தா. சும்மா கதைக்கிற விளையாட்டு."

"பந்தயம் இல்லாட்டியும் கட்டை கட்டைதான்."

கல் உம்மாவின் தையல் பெட்டிக்குள் போனது. நூல்கட்டைகளோடு நூல்கட்டையாக அது அங்கே பல வருடம் கிடந்தது. அப்படியென்றால் புளியங்கொட்டை எறியலாமா என்று மாமா கேட்டார். உம்மா உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. சின்ன வயதில் அவரே புளியங்கொட்டை எறிந்து விளையாடியவர். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"நல்ல விளையாட்டெண்டா பிஸ்மி சொல்லித் தொடங்கலாம். பிஸ்மி சொல்ல ஏலாத விளையாட்டெண்டா அது இந்த ஊட்டுக்குள்ள கூடா. கொட்டையக் கையில எடுக்கிற நேரமெல்லாம் பிஸ்மி சொல்லோணும். காது குசினிக்குள்ள இரிந்தாலும் கேக்கும், தெரியுமா?"

எதைத் தொடங்கினாலும் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லுகிற அந்தப் பிஸ்மியே எங்கள் விளையாட்டின் முதலாவது சட்டமானது. காக்கா தன் வளவுப் புளியமரத்துக் கொட்டைகளைக் கொண்டு வந்தார். ஒரு பக்கம் வெள்ளை தெரியும்வரை கல்லில் தேய்த்தோம். ஐந்து கொட்டையை எறிந்தால் மூன்று வெள்ளையாவது விழ வேண்டும். விழுந்தால் சொன்ன காரியம் நடந்தது. குறைந்தால் நடக்கவில்லை.

மாமா சூட்கேஸின் மூடியை நிமிர்த்தி வைத்து அதற்குப் பின்னால் சாய்ந்துகொண்டார்.

"அதுக்குப் பின்னால என்ன மாமா இரிக்கி?"

"ஒண்டுமில்ல. அவங்களும் மறைச்சாங்க, நானும் மறைக்கிறன்."

உண்மையும் அதுதான். மாமா அந்த விளையாட்டைப் பாதிதான் கண்டிருந்தார். ஆளுக்கொரு வேஷம், வேஷத்துக்கொரு வலு, அது வரைக்கும் அவருக்குத் தெரியும். வெள்ளைக்காரர்கள் ஆளுக்கொரு தாளை முன்னால் வைத்திருந்தார்களே, அதில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்குத் தெரியாது. அந்தத் தெரியாத பாதிதான் பிறகு எங்களைப் பிடித்து ஆட்டியது.

"ஆர் ஆர் என்ன வேஷம்? சொல்லுங்க."

நான் வட்டை விதானை என்றேன். வட்டையில் எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் விடுவது என்று முடிவு செய்கிறவர் அவர். பெரிய வயல்காரப் போடியார்மாரும் மாரி வந்தால் அவருக்குப் பின்னால் திரிவார்கள். அதைவிடப் பெரிய ஆள் யார் என்று நான் எண்ணியிருந்தேன்.

தங்கச்சி, "நான் ஆட்டுக்குட்டி" என்றாள்.

"ஒண்ட ஆட்டுக்குட்டிக்கு என்ன ஏலும் மகள்?"

"குதிக்கும்."

"வேற?"

அவள் நன்றாக யோசித்தாள். "இன்னும் உசரமாக் குதிக்கும்."

காக்கா கடைசியாகத்தான் வாய் திறந்தார். "நான் ஜின்."

"ஜின்னா?" மாமா தாடியைச் சொறிந்தார். "ஜின்னுக்கு என்னென்ன ஏலும்?"

"பறக்கும். மறையும். மலையத் தூக்கும். ஒரு ஊட்ட அப்பிடியே தூக்கி மற்ற ஊருல வைக்கும்."

இல்லை என்று சொல்கிற பழக்கம் மாமாவுக்கு இல்லை. "ஓம், சரி. ஜின்" என்றார்.

முதல் கதை முகத்துவாரத்தைப் பற்றியது. ஆறு கடலில் சேருகிற இடத்தைக் கடல் மணலால் அடைத்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். மழை கூடினால் வெள்ளம் கடலுக்குப் போக வழியில்லாமல் வட்டைக்குள் ஏறும். ஊரார் மண்வெட்டியோடு போய் மணலை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விட வேண்டும். அதைத்தான் எங்களிடம் மாமா கொடுத்தார். வெள்ளம் ஏறுகிறது, வெள்ளாமை தாழப் போகிறது, என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார்.

"ஒரு உதை" என்றார் காக்கா. பிஸ்மி சொல்லி எறிந்தார். நாலு வெள்ளை. முகத்துவாரம் வெட்டியாகிவிட்டது.

விடியற்காலையிலிருந்து மாமா கட்டி வைத்திருந்த கதை, தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துபோனது. அடுத்ததாகக் கள்ளர்களைக் கொண்டு வந்தார். ஜின் கள்ளர்களைத் தூக்கிக் கடலில் போட்டது. யானைக்கூட்டம் வந்தது. அதையும் போட்டது. வட்டை விதானையும் ஆட்டுக்குட்டியும் வரம்பில் நின்று வேடிக்கை பார்த்தோம்.

இரண்டாம் நாள் மாமா ஒரு தந்திரம் செய்தார். ஜின்னுக்கு ஈடு கொடுக்கப் பனைமர நீளத்தில் ஒரு பாம்பைக் கடலிலிருந்து எழுப்பினார். அது ஜின்னோடு நன்றாகத்தான் சண்டை பிடித்தது. ஆனால் அது வாலை ஒரு தடவை சுழற்றினதில் வட்டை விதானை வாய்க்காலுக்குள் விழுந்தார். வாயைத் திறந்ததில் ஆட்டுக்குட்டி உள்ளே போய்விட்டது.

தங்கச்சி வைத்த ஓலத்துக்குப் பெரியம்மா தன் வீட்டிலிருந்து தண்ணீருக்குள்ளால் ஓடி வந்தார். உம்மா குசினியிலிருந்து வந்தார். என்ன நடந்தது என்று கேட்டு, "பாம்பு ஆட்டத் திண்டுட்டு" என்று பதில் கிடைத்ததும் உம்மாவுக்கு நெஞ்சில் அடித்துவிட்டது. எங்கே பாம்பு, எந்த ஆடு என்று தேட வெளிக்கிட்டார். விஷயம் விளங்கியதும் வந்த கோபம் அதற்கும் சேர்த்துத்தான்.

"இங்க பாருங்க. இன்னொருக்கா இவள் இந்த விளையாட்டால அழுதாளெண்டா, கொட்டையெல்லாம் அடுப்புக்குள்ள. தம்பி, ஒனக்கும் சேத்துத்தான் சொல்றன்."

உம்மா சொன்னால் சொன்னதுதான். வெளியே மழை, உள்ளே வேறு ஒன்றும் இல்லை. அந்த விளையாட்டும் போய்விட்டால் லீவு முழுக்க ஒழுக்குக்கு வைத்த சட்டியை எண்ணிக்கொண்டுதான் இருக்க வேண்டும். எங்கள் கதை இப்போது தங்கச்சியின் கீழுதட்டில் தொங்கியது. அந்த உதடு பிதுங்காதவரைக்கும் விளையாட்டு உண்டு.

மாமா தலையணையில் சாய்ந்து முகட்டைப் பார்த்தார். "பெரிசுக்கு ஏத்தாப்போலப் போட்டா சின்னது சாகுது. சின்னதுக்கு ஏத்தாப்போலப் போட்டா பெரிசு ஒரு உதையில முடிக்கிது. அந்த வெள்ளைக்காரனுகள் என்னண்டுதான் விளையாடினானுகளோ!"

ஜின்னை விட்டு வேறு வேஷம் எடுக்கச் சொல்லிக் காக்காவிடம் கேட்டுப் பார்த்தோம்.

"எனக்கு ஜின்தான். அது இல்லாட்டி நான் போறன். கொட்டையும் எங்கட மரத்துக் கொட்டை."

கொட்டையை வேறு இடத்தில் எடுக்கலாம். காக்காவை எங்கே எடுப்பது? அவர் இல்லாமல் எந்த விளையாட்டும் எங்களுக்கு விளையாட்டாகத் தெரிந்ததில்லை.

மறுநாள் மாமா ஆட்டுக்குட்டியின் கொம்பு பாம்பின் தொண்டையில் குத்த, பாம்பு தும்ம, ஆட்டுக்குட்டி பறந்து வந்து வைக்கோலில் விழுந்தது என்று சொல்லி அதை மீட்டெடுத்தார். "ஆட்டுக்குட்டிக்கு ஏது கொம்பு?" என்று காக்கா கேட்டார். "சின்னக் கொம்பு" என்று மாமா அவசரமாகச் சொல்லிவிட்டு, திரும்பவும் முகத்துவாரத்திலிருந்து தொடங்கினார். மணல் அடைத்துவிட்டது, வெள்ளம் ஏறுகிறது. இந்த முறை ஆட்டுக்குட்டிதான் முதலில்.

தங்கச்சி கொட்டைகளை இரண்டு கையாலும் பொத்தி எடுத்தாள். நாங்கள் எல்லாம் பிஸ்மியை வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு எறிவோம். அவள் அப்படியல்ல. ஓதப் பள்ளியில் சொல்லிக் கொடுத்த மாதிரி, ஒரு எழுத்தும் விடாமல், குசினிக்குக் கேட்க முழுதாகச் சொன்னாள். சொன்னவள் எறியவில்லை. காக்காவை மேலும் கீழும் பார்த்தாள்.

"மாமா, பிஸ்மி சொன்னா ஜின் ஓடிருமெண்டு உம்மா சொன்னாவே. காக்கா ஏன் இன்னும் இங்கயே இரிக்கார்?"

எனக்கு நெஞ்சு துள்ளியது. மூன்று நாளாக நாங்கள் எறிந்த எறிக்கெல்லாம் பிஸ்மி சொல்லியிருக்கிறோம். காக்காவே சொல்லியிருக்கிறார். ஜின் அப்போதே ஊர் தாண்டியிருக்க வேண்டுமே!

காக்காவின் காது சிவந்தது. "ஆடு பிஸ்மி சொல்லுமாடி?"

"எண்ட ஆடு சொல்லும்."

"ஆட்டுக்கிட்ட பிஸ்மி சொல்றது என்னத்துக்கெண்டு தெரியுமா ஒனக்கு? அறுக்க!"

தங்கச்சியின் கீழுதடு மெல்லப் பிதுங்கியது. குசினிக்குள் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது. நான் கொட்டைகளைப் பார்த்தேன். அவை அடுப்புக்குள் வெடிக்கும் சத்தம் எனக்குக் கேட்கிற மாதிரி இருந்தது.

"இரி, இரி, இரி" என்று மாமா சூட்கேஸ் மூடிக்கு மேலால் தலையை நீட்டினார். "மகள், ஒண்ட ஆட்ட ஒருத்தரும் அறுக்கேலா. அது வளக்கிற ஆடு. டேய், நீ இதச் சொல்லு. ஒண்ட ஜின் முஸ்லிம் ஜின்னா, இல்லாட்டி மற்றதா?"

காக்கா உஷாரான ஆள். மற்றது என்று சொன்னால் எறிகிற எறிக்கெல்லாம் ஓட வேண்டும் என்பது அவருக்கு விளங்கியது. நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

"முஸ்லிம் ஜின். ஓதின ஜின்."

"அப்பிடியெண்டா பிஸ்மிக்கு ஓடத் தேவையில்ல. இரிக்கட்டும்."

எனக்குச் சப்பென்று போய்விட்டது. காக்கா கையை ஓங்கினார், திரும்பவும் ஒரு உதை விடுவதற்கு. அப்போது குசினிக்குள்ளிருந்து உம்மாவின் குரல் வந்தது.

"முஸ்லிமெண்டா அஞ்சு நேரமும் தொழோணுமே."

அந்த நேரம்தான் மழைக்குள்ளால் பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது.

மாமாதான் முதலில் சிரித்தார். காக்கா, "மாமா, அது விளையாட்டுக்குள்ள..." என்று இழுத்தார். உம்மா நிலைக்கதவில் வந்து நின்றார்.

"ஜின் தொழப் போகட்டும். ஜின்னோட சேந்து நீயும் போ மகன். குடை கதவுக்குப் பின்னால கிடக்கு."

காக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சாரனை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிப் போனார். பள்ளிவாசலுக்குப் போய்வர அந்த வெள்ளத்தில் நேரமெடுக்கும்.

நானும் மாமாவும் வீட்டிலேயே தொழுதோம். மாமா வந்த நாளிலிருந்து ஒரு புது மாதிரியாகத் தொழுவார். நான் நெற்றியைப் பாயில் வைக்கும் இடத்தில், அவர் கதிரையில் உட்கார்ந்தபடியே கொஞ்சம் குனிந்து நிமிர்வார். சவூதியில் இப்படித்தான் தொழுவார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அன்று தொழுது முடித்துத் திரும்பியபோது உம்மா நிலைக்கதவிலேயே நின்று மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேங்காய்த் துருவல் கையில் அப்படியே இருந்தது.

திரும்பப் பாயில் உட்கார்ந்ததும், காக்கா வரும்வரைக்கும் பொறுப்போமா என்று நான் கேட்டேன்.

"வெள்ளம் பொறுக்குமா?" என்றார் மாமா.

பொறுக்காதுதான். ஆற்றின் இந்தக் கரையில் ஊர் ஆம்பிளைகள் மண்வெட்டியோடு நிற்கிறார்கள். மணல் நனைந்து சேறு மாதிரிக் கிடக்கிறது. கால் வைத்தால் இடுப்பு வரைக்கும் புதைகிறது. அக்கரையில் ஒரு தென்னை நிற்கிறது. இங்கிருந்து அந்தத் தென்னைக்கு ஒரு கயிறு கட்டிவிட்டால் அதைப் பிடித்துக்கொண்டு நின்று வெட்டலாம். கயிற்றை யார் கொண்டு போவது?

"நான் கொண்டு போறன்" என்றார் வட்டை விதானை. எறிந்தேன். ஒரு வெள்ளை. முழங்கால் புதைந்தது. திரும்ப எறிந்தேன். இரண்டு. இடுப்பு புதைந்தது. ஊரார் என்னைச் சட்டையில் பிடித்து இழுத்தெடுத்தார்கள். வெள்ளம் வாடிப் படி வரைக்கும் வந்துவிட்டது என்றார் மாமா. எந்த வாடி என்று அவர் சொல்லவில்லை. எனக்கு வாப்பாவின் வாடிதான் கண்ணுக்குள் வந்தது.

"எண்ட ஆடு பாரமில்லயே" என்றாள் தங்கச்சி.

நாங்கள் இருவரும் அவளைப் பார்த்தோம்.

"கயித்த வாயில கவ்விட்டு ஓடும். சேத்துல புதையாது."

பிஸ்மி சொன்னாள். எறிந்தாள். இரண்டு வெள்ளை.

"பாதித் தூரத்துல ஒரு கால் புதைஞ்சிட்டு" என்றார் மாமா, மிக மெதுவாக, அவளுடைய உதட்டைப் பார்த்தபடி. நானும் உதட்டைத்தான் பார்த்தேன். அது பிதுங்கப் பார்த்தது. அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்தாள்.

"மற்ற மூணு காலாலயும் குதிச்சிது" என்றாள். எறிந்தாள்.

நாலு வெள்ளை. ஆட்டுக்குட்டி அக்கரையில்!

"கொண்டு போனது சரி மகள். ஆடு எப்பிடிக் கயித்தக் கட்டும்?"

"கட்டத் தேவையில்ல மாமா. மரத்தச் சுத்திச் சுத்தி ஓடும். எங்கட ஆடு எப்பயும் அப்பிடித்தானே கயித்தச் சிக்காக்கிற?"

மாமா சூட்கேஸ் மூடியைப் படாரென்று மூடிவிட்டார். மறைப்பெல்லாம் அவருக்கு மறந்துபோனது. வட்டை விதானை சத்தம் போட, ஊரார் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக இறங்கி வெட்டினார்கள். நான் எறிந்த கொட்டைகளும் இப்போதுதான் வெள்ளை காட்டத் தொடங்கின. வாய்க்கால் நீண்டது, ஆழமானது. கடலுக்கு இன்னும் ஒரு பாகத் தூரம் இருக்கும்போது மண்வெட்டிகள் டங்கென்று எதிலோ பட்டன. மணலுக்குள் புதைந்துபோன ஒரு பழைய தோணி. ஊரே சேர்ந்து இழுத்தாலும் அசையவில்லை.

அந்த நேரம்தான் வளவு வாசல் கடப்படியில் தண்ணீர் சளசளவென்று சத்தம் கேட்டது. காக்கா வந்தார். குடை காற்றில் மடங்கி, தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தார்.

"ஜின் வந்துட்டு!" என்று தங்கச்சி கத்தினாள். "காக்கா, சுறுக்கா வாங்க, தோணி, தோணி!"

காக்கா துவட்டக்கூட இல்லை. ஈரத்தோடு பாயின் ஓரத்தில் முழங்கால் போட்டு, பிஸ்மியை முழுதாகச் சொல்லி எறிந்தார். ஒரு கொட்டை உருண்டுபோய்த் தலையணையில் முட்டி நின்றது. எட்டிப் பார்த்தோம். அது வெள்ளை. அதோடு மூன்று.

ஜின் தோணியைப் பிடுங்கி எடுத்தது. ஆற்றுத் தண்ணீர் இரைந்துகொண்டு கடலுக்குள் பாய்ந்தது. நாங்கள் மூவரும் போட்ட கூச்சலில் பெரியம்மா திரும்பவும் தண்ணீருக்குள்ளால் ஓடி வந்தார்.

உம்மா குசினிக்குள்ளிருந்து கேட்டார், "வெட்டியாச்சா?"

"வெட்டியாச்சி ராத்தா!" என்றார் மாமா.

உம்மா பெரிதாக மூச்சு விட்டது நடு அறை வரைக்கும் கேட்டது.

காக்கா தலையைத் துவட்டும்போது சொன்னார், "நான் வாறதுக்குள்ள நீங்க எல்லாரும் வெள்ளத்துல மூழ்கிருப்பீங்கெண்டு நினைச்சிட்டு ஓடி வந்தன்." அந்த லீவில் அவர் கொட்டாவி விடாத முதல் நாள் அது. "நாளைக்கும் ஜின் தொழப் போகும் மாமா. அந்த நேரம் பாத்து ஏதாவது வரட்டும்" என்று அவரே சொன்னார்.

அன்றோடு விளையாட்டுக்கு இரண்டாவது சட்டம் வந்தது. ஏலும் என்று ஒன்றைச் சொன்னால், கூடவே ஒரு கடமையையும் சொல்ல வேண்டும். வட்டை விதானை பகையாளியின் வயலுக்கும் பங்குத் தண்ணீர் விட்டுத்தான் ஆக வேண்டும். ஆட்டுக்குட்டி பச்சை இலையைக் கண்டால் நின்று ஒரு கடி கடித்துவிட்டுத்தான் போகும். ஜின் தொழ வேண்டும், பொய் சொல்லக்கூடாது, கேட்காமல் யாருடைய சாமானையும் தொடக்கூடாது. அந்த வெள்ளைக்காரர்களின் தாள்களில் எழுதியிருந்ததும் இப்படி ஏதோவொன்றாகத்தான் இருக்கும் என்றார் மாமா. பிறகு முகட்டைப் பார்த்துத் தனக்குள் சிரித்தார்.

"ஓம், ஜின்னுக்கும் ஒரு லீவு வேணும்தானே."

மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு எல்லோரும் சோறு தின்ன உட்கார்ந்தோம். மழை கொஞ்சம் விட்டிருந்தது. பெரியம்மா கருவாட்டுக் குழம்பு கொண்டு வந்திருந்தார். உம்மா சம்பல் வைத்தார். மாமா கோப்பையில் சோற்றைப் பிசைந்தபடி, அதையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ராத்தா, நான் திரும்பிப் போறல்ல."

"எங்க?" என்றார் பெரியம்மா.

"சவூதிக்கு."

பெரியம்மாவின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. "அப்ப மெஷின்..." என்று தொடங்கியவர் உம்மாவின் முகத்தைப் பார்த்தார். "மெஷின் கிடக்கட்டும். ஊசிய எடுத்துக் கையால தச்சாத் தைக்கேலாதா?" என்று முடித்தார்.

உம்மா ஏன் என்று கேட்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்றார். குழம்பில் இருந்த பெரிய துண்டை எடுத்து மாமாவின் கோப்பையில் வைத்தார்.

"நாங்க என்ன ஆட்டுக்குட்டியா தம்பி, எல்லாத்தையும் எல்லாரையும் நீ ஒருத்தனே தூக்கிட்டுத் திரிய?"

தங்கச்சிக்கு ரோஷம் வந்துவிட்டது. வாய் நிறையச் சோற்றோடு சொன்னாள், "ஆட்டுக்குட்டிதானே உம்மா கயித்தக் கொண்டு போன!"

பெரியம்மா சிரித்துப் புரையேறினார். காக்கா அவர் தலையில் தட்டினார். மாமா சிரித்தார். அவர் வந்த நாளிலிருந்து அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. சிரிக்கச் சிரிக்க அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்து தாடிக்குள் இறங்கியது.

மாமா ஏன் சவூதியை விட்டார் என்று எனக்கு அன்றே முழுதாக விளங்கிவிட்டது. கதை முடியவில்லையே, அதனால்தான். பள்ளிக்கூடம் திறந்ததும் வகுப்பில் எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன். காம்பில் காஸ் சிலிண்டர் தூக்கித் தூக்கி அவருடைய இடுப்பு பிசகிப்போனதும், இனிப் பாரம் தூக்கக் கூடாது என்று அங்கேயே டாக்டர் சொல்லிவிட்டதும், அதை அக்காமார் இரண்டு பேரிடமும் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பாயில் கிடந்து எல்லோருக்கும் 'ஓம், ஓம்' என்று சொல்லிக்கொண்டிருந்ததும் நான் பெரியவனான பிறகு கேட்ட கதை.

அன்று நான் செய்ததெல்லாம் ஒன்றுதான். மாமாவின் கண்ணைப் பார்த்தேன். சம்பல் உறைத்துவிட்டது என்று நினைத்தேன். ஓடிப்போய்க் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தேன். மாமா அதை முழுதாகக் குடித்தார். குடித்துவிட்டு, "இப்ப நல்லா இரிக்கி மருமகன்" என்றார்.

தங்கச்சி தின்பதற்காக உம்மா மிளகாய் போடாமல் இடித்த சம்பல் அது.